படமா, மடமா?

கண்ணாடி முன்னால் நின்று, சத்தம் வராமல் “படம்” என்று சொல்லிப் பாருங்கள். பிறகு “மடம்” என்று சொல்லுங்கள். இரண்டு தடவையும் உதடுகள் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும்!

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் என் சித்தி மகள். அவளுக்குச் சிறு வயதிலேயே காது கேட்காமல் போய்விட்டது. எதிராளியின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்து கொள்வாள். எலெக்ட்ரானிக்ஸில் பி.இ. முதல் வகுப்பில் தேறியவள்.

சென்ற வருஷம் ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து அவளுக்கு இண்டர்வியூ வந்தது. பெயர் வேண்டாம். “காது விஷயத்தை முன்கூட்டியே எழுதிவிடட்டுமா, அக்கா?” என்று கேட்டாள். “அசடே! எழுதினால் கூப்பிடவே மாட்டார்கள்” என்று தடுத்தவள் நான்தான்.

துணைக்கும் நானே போனேன். தாம்பரத்தில் பஸ் ஏறிப் படப்பையைத் தாண்டினோம். இந்த வட்டாரத்தில், இருங்காட்டுக்கோட்டையில், 1998-ல் ஹூண்டாய் கார் உற்பத்தி ஆரம்பித்தது. அதற்குப் பிறகு எத்தனையோ தொழிற்சாலைகள்! “இத்தனை வாசல்களில் ஒன்றாவது எனக்குத் திறக்காதா?” என்றாள்.

வாசல் திறந்தது. பத்தே நிமிஷத்தில் மூடியும் விட்டது.

நடந்ததைப் பஸ்ஸில் சொன்னாள். உள்ளே மூன்று பேர், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்களாம். வெளிச்சம் பின்னாலிருந்து வந்ததால் முகங்களெல்லாம் ஒரே நிழல். ஒருவர் ஃபைலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். இன்னொருவர் வாயருகில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். மூன்றாமவர் ரொம்ப நல்லவர். ஆகையால் உரக்கக் கத்தினார். கத்தினால் வாய் கோணுமே தவிர, காது கேட்குமா?

“கேள்வி தெரிந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன், அக்கா. அவர்கள் என் படிப்பையா பார்த்தார்கள்? காதைத்தானே பார்த்தார்கள்!” என்றாள். எனக்கு நாக்கு எழவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சட்டத்தைப் புரட்டினேன். பத்திரிகைக்காரி முன்னாலேயே செய்திருக்க வேண்டிய காரியம்! 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசாங்க வேலைகளில் 4 சதவிகிதத்தை ஒதுக்கியதோடு நிற்கவில்லை. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள்கூட, மாற்றுத் திறனாளிகளுக்கு என்ன வசதி செய்து தரும், எப்படித் தேர்ந்தெடுக்கும் என்பதையெல்லாம் எழுதி வெளியிட வேண்டும் என்கின்றன 2017-ல் வந்த விதிகள்.

எங்கள் வீட்டில் மட்டும்தான் இந்தக் கதை என்றில்லை. தமிழ்நாட்டு மின் பகிர்மானக் கழகத்தில் உதவிப் பொறியாளர் வேலைக்குத் தேர்வான ஒருவரை, மருத்துவப் பரிசோதனையில் நிறக்குருடு தெரிந்ததும், வேண்டாம் என்று விட்டார்கள். சில நிறங்கள் தெரியாதவர் எந்தெந்த வேலையைச் செய்ய முடியும், அதற்கு என்ன ஏற்பாடு வேண்டும் என்று யோசிக்க வேண்டாமா? வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. அந்தப் பதவியிலேயே அவரை நியமிக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் தீர்ப்பாயிற்று. நியாயந்தான், ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் வேலைக்காக டில்லி வரை போக முடியுமா?

அடுத்த இண்டர்வியூ ஸ்ரீபெரும்புதூரில். இந்த முறை அடுப்படியில் உட்கார்ந்து இருவருமாகக் கடிதம் எழுதினோம். “எனக்குக் காது கேட்காது. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்து கொள்வேன். தங்கள் முகத்தில் வெளிச்சம் படும்படி உட்கார்ந்து, ஒருவர் பின் ஒருவராகப் பேசினால் போதும். புரியாததை எழுதிக் காட்டக் கோருகிறேன்.” தபாலில் போட்டுவிட்டு, கூப்பிடுவார்களோ மாட்டார்களோ என்று சித்தி பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

கூப்பிட்டார்கள். அவள் போனபோது மேஜை திருப்பிப் போடப்பட்டிருந்தது. மேலே வெள்ளைக் காகிதமும் பென்சிலும்! ஒருவர் மின்சுற்று வரைபடத்தைக் காட்டி ஏதோ கேட்டார். “மடத்தில் என்ன தப்பு?” என்று இவளுக்குப் பட்டது. சிரித்துவிட்டாள். அவரும் சிரித்து, “படத்தில்” என்று எழுதிக் காட்டினார். தப்பு எங்கே என்று இவள் விரலை வைத்துக் காட்டினாள். மேலும் முக்கால் மணி நேரம் கேள்விகள். பதினைந்தாம் நாள் உத்தரவு வந்தது.

மேஜையைத் திருப்ப என்ன செலவு? ஒன்றுமில்லை. ஆனால் அதைக் கேட்கும் தைரியம் ஒரு பெண்ணுக்கு வர ஓர் இண்டர்வியூவைப் பறிகொடுக்க வேண்டியிருந்தது. இண்டர்வியூக் கடிதத்தின் அடியிலேயே, “தங்களுக்கு ஏதேனும் ஏற்பாடு வேண்டுமா?” என்று ஒரு வரி சேர்த்துவிட்டால்?

தொழிற்சாலை உத்தியோகஸ்தர்கள் இருக்கும் வீடுகளில், ராத்திரிச் சாப்பாட்டின்போது இந்த ஒரு வரியைச் சற்றே ஞாபகப்படுத்துங்கள்.