தளவானூரும் 37,500 ரூபாயும்

தளவானூர்னா நம்ம பதிவர்கள் பலருக்கு மகேந்திரவர்மன் குடைவரைதான் ஞாபகம் வரும். எனக்கு இப்பல்லாம் அந்தப் பக்கத்து ஆடு மாடுதான்.

2024 ஃபெஞ்சல் புயல்ல இதே மாவட்டத்து மயிலத்துல ஒரே நாள்ல 50 செ.மீ. கொட்டித் தீர்த்துச்சு. அரசு அறிவிச்ச நிவாரணம்: செத்த மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100.

தொகை போதுமாங்கிறது வேற பஞ்சாயத்து. செத்ததைக் காட்டினாத்தானே கால்நடை டாக்டர் சான்று தருவார்? வெள்ளம் அடிச்சிட்டுப் போனதை எங்க போய்த் தேட?

இத்தனைக்கும் பல மாட்டுக் காதுல 12 இலக்க எண்ணோட வில்லை தொங்குது. புயலுக்கு முன்னாடி தொழுவத்துல எத்தனை நின்னுச்சுன்னு அந்தப் பதிவே சொல்லும். அதை வச்சே பணத்தைக் கொடுத்தா என்னங்க? மாடு போன அன்னிக்கே பால் காசும் நின்னுடுதே!