வால்யூம் குமிழா, காதா?

அப்பா ஒரு மாசமா ஒரே புகார். "இடது காது மந்தமாயிட்டு வருதுடா. காருக்குறிச்சியார் வலது ஸ்பீக்கர்ல போய் உக்காந்துக்கிட்டு வாசிக்கிறார்." ராத்திரி அம்மா தூங்கினப்புறம், வால்யூமை ரொம்பக் குறைச்சு வச்சுக் கேட்கும்போது மட்டும்தான் இப்படி. பகல்ல சத்தமா வச்சா நாதஸ்வரம் நடுவுக்கு வந்துடும்.

அந்தக் காலத்துப் பதிவுகள் எல்லாம் மோனோ. ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒரே ஒலிதான் வரணும், சத்தம் சரியா நடுவுல இருந்து கேட்கணும். ரெண்டு காதுக்கும் 1 டெசிபல் வித்தியாசம் வந்தாலே மூளை அதைக் கண்டுபிடிச்சு ஒரு பக்கம் தள்ளிடும்.

காதா, கருவியான்னு பார்க்க எளிய வழி ஒண்ணு இருக்கு. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உக்காருங்க. அப்பவும் அதே காதுதான் மந்தம்னா, காதைப் பார்க்கணும். மந்தம் மத்த காதுக்கு மாறிடுச்சுன்னா, கோளாறு கருவியில. அப்பாவுக்கு மாறிடுச்சு. (ஆடியோகிராம் எடுத்தும் பார்த்தேன். ரெண்டு காதும் வயசுக்கேத்த மாதிரி, ஒரே அளவு.)

இங்க ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்லணும். திடீர்னு, ஒரே ராத்திரியிலயோ மூணு நாளுக்குள்ளயோ, ஒரு காது மட்டும் அடைச்ச மாதிரி ஆச்சுன்னா, கூடவே இரைச்சல் இருந்தா, நாற்காலி சோதனையெல்லாம் வேண்டாம். அன்னைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவர்கிட்ட போங்க. சளியா இருக்கும், அழுக்கா இருக்கும்னு எண்ணெய் ஊத்திக்கிட்டுக் காத்திருக்காதீங்க. உள்காது நரம்பு பாதிச்சிருந்தா ஸ்டீராய்டு சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கணும். 2 வாரம் தாண்டினா பலன் கிடைக்கிற வாய்ப்பு குறைஞ்சுடும்.

சரி, குமிழுக்கு வருவோம். ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் வால்யூம் குமிழுக்குள்ள கார்பன் பூசின தடம் ரெண்டு இருக்கும், இடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணு. 50 கிலோ ஓம் குமிழ்னு வச்சுக்குவோம். பாதிக்கு மேல திருகியிருக்கும்போது ஒரு பக்கம் 10,000 ஓம், மறுபக்கம் 10,100 ஓம்னா யாருக்கும் தெரியாது, 0.1 டெசிபல்கூட இல்ல. ராத்திரி அளவுக்குக் குறைச்சா ஒரு பக்கம் 500, மறுபக்கம் 600. அதே 100 ஓம் பிழைதான், ஆனா இப்போ அது 1.6 டெசிபல். வித்வான் இடம் மாறி உக்காந்தது இப்படித்தான்.

புதுக் குமிழ் வாங்கினாலும் இதே கதை வரலாம். அதனால ரிலே வச்சுக் கட்டினேன். யோசனை மளிகைக்கடை எடைக்கல் மாதிரி. 1, 2, 4, 8, 16, 32 டெசிபல் குறைக்கிற ஆறு படிகள், படிக்கு ஒரு ரிலே. 37 குறைக்கணுமா, 32, 4, 1 மூணையும் சேர். 0 முதல் 63 வரை எந்த எண்ணும் கிடைக்கும். ஒவ்வொரு ரிலேக்குள்ளயும் ரெண்டு சுவிட்ச், இடதும் வலதும் ஒண்ணா மாறும். 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் போட்டா ஒரு படியோட பிழை 0.2 டெசிபலுக்குள்ள நிக்கும். ரிலேக்களை ஓட்ட ஒரு ஆர்டுயினோ, ஒரு யூஎல்என்2003 சிப். அதோட காமன் பின்னைக் காயில் சப்ளையோட சேர்த்தாத்தான் உள்ள இருக்கிற டயோடு வேலை செய்யும்.

இதுல சிக்கலான இடம் 32ல இருந்து 31க்கு வர்றது. ஒரு ரிலே விலகணும், அஞ்சு ரிலே சேரணும். விலகுறது முந்திக்கிட்டா, சில மில்லிசெகண்ட் தடுப்பே இல்லாம முழுச் சத்தமும் ஸ்பீக்கருக்குப் போகும். ராத்திரி பதினோரு மணிக்கு "பட்"னு ஒரு அடி! ஐசியூல நார்அட்ரினலின் சிரிஞ்ச் மாத்துறவங்களுக்கு இதுக்கு விடை தெரியும். புதுசை ஓடவிட்டுட்டுத்தான் பழசை நிறுத்துவோம், இல்லேன்னா பிபி சரிஞ்சுடும். இங்கயும் அதேதான்: சேர வேண்டியதை முதல்ல சேர், 10 மில்லிசெகண்ட் பொறு, அப்புறம் விலக்கு. நடுவுல ஒரு கணம் சத்தம் குறையும், காதுக்குத் தெரியாது.

இன்னொண்ணு, கரண்ட் போனா ரிலே எல்லாம் ஓய்வு நிலைக்குப் போயிடும். ஓய்வு நிலையில ஆறு படியும் தடுக்கிற மாதிரி வயர் பண்ணிடுங்க. கரண்ட் திரும்ப வரும்போது வீடு அதிராது.

திருகும்போது பெட்டிக்குள்ள டக் டக்னு சத்தம் வரும். அம்மாவுக்கு அது பிடிக்கல, எனக்குப் பிடிச்சிருக்கு. சாலிடரிங் எல்லாம் நமக்கு ஆகாதுங்கிறவங்க பிஜிஏ2311 மாதிரி வால்யூம் சிப் வச்ச போர்டு வாங்கிக்கலாம். 0.5 டெசிபல் படி, ரெண்டு பக்கமும் ஒத்துப்போகும், சத்தமே போடாது. நியாயமாப் பார்த்தா பெரும்பாலான வீட்டுக்கு அதுவே போதும்.