ஒரு நோயாளி, ஐந்து அறைகள்

இனிப்பு நீர் உள்ளவர் கிளினிக்கிற்குப் போனால் ஒரே ஆளைப் பார்த்துவிட்டுத் திரும்புவதில்லை. தாதி இரத்தம் எடுப்பார். மருத்துவர் மாத்திரையை மாற்றுவார். மருந்தாளர் அதை எப்போது விழுங்குவது என்பார். உணவியலாளர் சோற்றைக் குறைக்கச் சொல்வார். கண்ணைச் சோதிக்க இன்னோர் அறை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. காப்பாரில் எந்தத் தாமானில் நுழைந்தாலும் இந்த ஐந்து அறைகளையும் அறிந்தவர் ஒருவராவது இருப்பார்.

இந்த ஐந்து பேரும் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்களா?

என் அம்மா தைப்பூச விரதம் இருப்பவர். அதைத் தாதியிடம் மட்டும் சொன்னார். தமிழில் அன்பாக விசாரித்தவர் அவர்தான். செய்தி அடுத்த அறைக்குப் போகவில்லை. சில சர்க்கரை மாத்திரைகளை வெறும் வயிற்றில் விழுங்கினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். ஒரு காலையில் அம்மா கை நடுங்கி, வியர்த்து, நாற்காலியில் சரிந்தார். சீனித் தண்ணீர் கொடுத்தோம். தெளிந்ததும் அவர் கேட்டது: “ஏம்மா, ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நான் யாரு சொல்றத கேக்குறது?”

அந்த ஐவரில் யாரும் திறமை குறைந்தவர் அல்லர். தனித்தனிக் கட்டடங்களில் படித்து, வேலைக்கு வந்த பிறகே ஒருவரையொருவர் சந்தித்தவர்கள். ஊடகத்துறை மாணவர்களான நாங்கள் அறிவிப்பு, ஒலிப்பதிவு, தொகுப்பு மூன்றையும் ஒரே நிகழ்ச்சிக்காகச் சேர்ந்து கற்றோம். உயிரோடு விளையாடாத எங்கள் தொழிலுக்கே அது தேவைப்பட்டது.

சுகாதாரத் துறையிலும் இதற்கு வழி உண்டு. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறை மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்பதே கூட்டுக் கல்வி என்று 2010இல் உலக சுகாதார நிறுவனம் விளக்கியது. சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகம் 1986லேயே இதைத் தொடங்கியது. 1996இல் அங்கே மேற்பார்வையோடு மாணவர்களே சேர்ந்து நடத்தும் நோயாளிப் பிரிவும் வந்தது. நம் புக்கிட் ஜாலிலில், 1992இல் கல்லூரியாகத் தொடங்கி, முன்பு அனைத்துலக மருத்துவப் பல்கலைக்கழகம் என்று அழைக்கப்பட்ட ஐ.எம்.யூ. பல்கலைக்கழகத்தில் மருத்துவம், மருந்தியல், தாதிமை, உணவியல் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அங்கும் மாணவர்களைத் துறை கடந்து சேர்த்துக் கற்பிக்கும் முயற்சி உண்டு.

அப்படிப்பட்ட வகுப்பில் என் அம்மாவைப் போன்ற ஒருவரின் கதையை மேசையில் வைத்தால் என்ன நடக்கும்? உணவியல் மாணவர் விரதத்தைக் கேட்டறிவார். மருந்தியல் மாணவர் மாத்திரையின் ஆபத்தைச் சொல்வார். மருத்துவ மாணவர் அளவை மாற்ற யோசிப்பார். தாதிமை மாணவி, “இதை அவருக்குப் புரியும் மொழியில் யார் சொல்வது?” என்பார். செய்தியைச் சுமந்து அறை அறையாக அலையும் வேலை நோயாளிக்கு இருக்காது.

இதற்குத் தடை கல்லூரியில் மட்டும் இல்லை. நம் வீட்டு வரவேற்பறையிலும் இருக்கிறது. “டாக்டருக்குப் படிக்கிறான்” என்று உரக்கச் சொல்கிறோம். “நர்ஸ்தான்” என்று குரலைத் தாழ்த்துகிறோம். அந்தத் ‘தான்’ஐக் கேட்டு வளரும் பிள்ளை, நாளைக்கு மருத்துவரானால் தாதி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்குமா? தாதியானால், “டாக்டர், இந்த அம்மா விரதம்” என்று துணிந்து சொல்லுமா? தேர்வு முடிவு வரும் நாளில் இரண்டு பிள்ளைகளையும் ஒரே குரலில் வாழ்த்துவோம். கூட்டுக் கல்விக்கு அதுவே முதல் வகுப்பு.