சுவரும் சித்திரமும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் முன்னோர் மொழிந்த பழமொழி. உடல்நலம் பேணுதலை வலியுறுத்தவே இதனைப் பெரும்பாலும் எடுத்தாள்வர். எனினும், கணினித் திரையில் சித்திரம் தீட்டும் இக்காலத்தில் அப்பழமொழி தன் நேர்ப்பொருளிலேயே நமக்குப் பாடம் புகட்டுகின்றது. சித்திரத்தில் தோய்ந்த கண், சுவர் உண்மையிலேயே இருக்கின்றதா என்று பார்ப்பதில்லை. தமிழ்த்துறையின் அழைப்பிதழ்களையும் அறிவிப்புகளையும் மாணவர்களோடு அமர்ந்து வடிவமைக்கும் பணி பல்லாண்டுகளாக எனக்கு வாய்த்திருப்பதால், இதனை நான் கண்கூடாகக் கண்டிருக்கின்றேன்.

புகைப்படம் என்பது எண்ணற்ற நுண்ணிய வண்ணக் கட்டங்களால் ஆனது. திசையன் வரைபடமோ, கோட்டையும் வளைவையும் கணக்காகவே பதிந்து வைத்துக்கொள்வது. அஞ்சல்தலை அளவில் வரைந்ததைச் சுவரொட்டி அளவிற்குப் பெருக்கினாலும் அதன் விளிம்பு சிதையாமைக்கு இதுவே காரணம். இவ்வகைப் படங்களுக்கென 2001ஆம் ஆண்டு பொதுப் பரிந்துரையாக வெளியிடப்பட்ட கோப்பு முறையே எஸ்.வி.ஜி. அதனை அடிப்படையாகக் கொண்டு 2003ஆம் ஆண்டு தோன்றியது இங்க்ஸ்கேப் என்னும் கட்டற்ற மென்பொருள். விலையின்றிக் கிடைப்பதால் எம் மாணவர்க்கு அதுவே கைவந்த கருவியாயிற்று.

இங்கு நாம் கருத்திற்கொள்ள வேண்டுவது ஒன்றுண்டு. அக்கணக்கில் வரைந்தவை மட்டுமே இடம்பெறும். திரையில் வெள்ளைத் தாளாகத் தோன்றுவது வரையப்பட்ட பொருளன்று. நம் கண்ணுக்கு எல்லை காட்ட மென்பொருள் செய்துதரும் ஒரு தோற்றமே. ஆவணப் பண்புகள் என்னும் பகுதியைத் திறந்து பக்கத்தின் நிறத்தை மாற்றினால் திரை முழுதும் அந்நிறம் பூத்துவிடும். ஆயினும் அந்நிறம், கோப்பினுள் இங்க்ஸ்கேப் தனக்கென எழுதிக்கொள்ளும் குறிப்பாகவே தங்குகின்றது. அக்குறிப்பைப் படித்தறிய வேண்டிய கடமை பிற மென்பொருள்களுக்கு இல்லை.

2022ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்று இதனைத் தெளிவுறுத்தும். ஏழை மாணவர்க்கான கல்வி உதவித்தொகை அறிவிப்பு ஒன்றை எம் மாணவர் இருவர் அழகுற வடிவமைத்தனர். பக்கம் கரும்பச்சை; செய்தி பொன்மஞ்சள்; விண்ணப்பிக்கக் கடைசி நாள் மட்டும் எடுப்பாகத் தெரியவேண்டுமென்று தூய வெள்ளை. பார்வைக்காக அவர்கள் எடுத்துத்தந்த பி.என்.ஜி. படத்தில் பச்சை நிறம் குறைவின்றி இருந்தது. அச்சகத்திற்கோ எஸ்.வி.ஜி. கோப்பு சென்றது. அங்கே வேறொரு மென்பொருளில் அது திறக்கப்பட்டபொழுது பச்சை மறைந்தது. பொன்மஞ்சள் எழுத்துகள் வெள்ளைத்தாளில் ஒருவாறு தெரிந்தமையால் எவர்க்கும் ஐயம் எழவில்லை, அச்சும் ஏறிவிட்டது.

அறிவிப்புப் பலகையின் முன் நெடுநேரம் நின்ற முதலாமாண்டு மாணவர் ஒருவர் என்னிடம் வந்து, “ஐயா, கடைசி நாள் என்றைக்கென்று போடவில்லையே?” என்று வினவினார். எது எல்லார் கண்ணிலும் படவேண்டுமென்று கருதப்பட்டதோ, அதுவே ஒருவர் கண்ணிலும் படாமற் போயிருந்தது. அன்று மாலையே வகுப்புதோறும் நாளை அறிவித்து, மறுநாள் புதிய தாள் ஒட்டினோம். அம்மாணவர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர். அவர் கேளாதிருந்தால் எத்தனை பேர் அவ்வாய்ப்பை இழந்திருப்பர் என்று எண்ணும்பொழுது, பின்னணி நிறம் வெறும் அழகுக்குரியதென்று சொல்ல என் மனம் ஒருப்படவில்லை.

இதற்குத் தீர்வு எளிது. நிறத்தைப் பக்கத்திற்கு ஊட்டாமல், பக்கத்தின் அளவிற்கு ஒரு செவ்வகம் வரைந்து அதற்கு ஊட்டுதல் வேண்டும். ஏ4 தாள் 210 மி.மீ. அகலமும் 297 மி.மீ. உயரமும் உடையது. அச்சிட்டபின் ஓரம் வெட்டுகையில் வெள்ளைக் கீற்றுத் தோன்றாதிருக்க, நாற்புறமும் 3 மி.மீ. கூட்டி 216க்கு 303 என வரைதல் நன்று. அதன் ஓரக்கோட்டை நீக்கி, எல்லாவற்றிற்கும் அடியில் தனி அடுக்கில் வைத்துப் பூட்டிவிட்டால் கை தவறியும் நகராது. இச்செவ்வகம் வரையப்பட்ட பொருளாதலின் கோப்பு எங்குச் சென்றாலும் உடன் செல்லும்.

நம் அச்சகங்களில் பெரிதும் வழங்கும் கோரல்டிரா மென்பொருளில் பக்கப் பின்னணியை அமைக்கும் வசதி உண்டு. எனினும், அதனை அச்சிலும் ஏற்றுமதியிலும் சேர்க்கும் தெரிவு இடப்பட்டிருக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் வண்ணத்தாள் போலக் காட்டும் வசதி திரைக்கு மட்டுமே உரியது, அச்சில் வாராது. செவ்வக முறையோ மூன்றிற்கும் பொது.

தமிழ் மாணவர்க்கு மேலும் ஒரு செய்தி. வழக்கமான நால்வண்ண அச்சில் வெள்ளைக்கென்று தனி மை கிடையாது, தாளே வெள்ளை. கரும்பச்சையின் நடுவே வெள்ளெழுத்துத் தெரிவது, மை படாமல் விடப்பட்ட இடம் தெரிவதே. பச்சையை உண்டாக்கும் மைகளுள் ஒன்று இம்மியளவு விலகினும் மெல்லிய எழுத்து அடைபடும். தமிழில் முதலில் அடைபடுவது புள்ளி. புள்ளி அடைபட்டால் ‘பல்’ ‘பல’ ஆகிவிடும். மெய்க்குப் புள்ளி வேண்டுமென்று தொல்காப்பியர் விதித்திருந்தும், ஓலையில் எழுதியோர் அதனைப் பெரும்பாலும் இடாமலே எழுதினர். எழுதப்படும் தளம் எழுத்தையே மாற்றவல்லது என்பதற்கு நம் சுவடிகளே சான்று. ஆதலின், அடர்ந்த பின்னணியில் வெள்ளெழுத்து அமைப்போர் தடித்த எழுத்தையும் சற்றுப் பெரிய அளவையும் தேர்ந்துகொள்க.

பின்னணிக்கும் எழுத்துக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்னும் அளவில் இருத்தல் வேண்டும் என்று வலைப்பக்கங்களுக்கான அணுகல் நெறிகள் 2008ஆம் ஆண்டு வகுத்துரைத்தன. நம் அறிவிப்புகளைப் படிப்போருள் கண்ணொளி மங்கிய பெரியவர்களும் உளர் என்பதை இளையோர் நினைவிற்கொள்ளல் நலம்.

கோப்பைப் பிறர்க்கு அனுப்புமுன் வேறொரு மென்பொருளில் ஒருமுறை திறந்து பாருங்கள்; அதற்கு ஒரு மணித்துளியும் ஆகாது. நம் திரையில் நமக்குத் தெரிவது போதாது. பெறுவோர் கையிலும் அது தெரிதல் வேண்டும். வடிவமைப்புக்கு மட்டுமன்று, கற்பித்தலுக்கும் இதுவே அளவுகோல் என்று கருதுகின்றேன்.