பிசின் போகாத கண்ணாடி

ஜாம் போத்தலைக் கழுவி ஊறுகாய் அடைத்து விற்கின்ற சகோதரிகள் எல்லோருக்கும் ஒரே முறைப்பாடுதான். கடதாசி உரிந்து விடுகிறது, பிசின் போவதில்லை. அதிலே தூசி படிந்து கறுத்து நின்றால், உள்ளே இருக்கும் ஊறுகாய் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், வாங்க வந்தவர் போத்தலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவார்.

முதலில் அது என்ன பசை என்று பார்க்க வேண்டும். மாப்பசையால் ஒட்டிய கடதாசி தண்ணீருக்கே இளகும். சவர்க்காரம் கரைத்த இளஞ்சூட்டு நீரில் அரை மணித்தியாலம் போட்டால் போதும். அவசரப்பட்டுக் கொதிநீரை ஊற்றினால் போத்தல் வெடித்துவிடும். ஸ்டிக்கர், செலோரேப் போன்றவற்றின் பசை தண்ணீருக்கு மசியாது, எண்ணெய்க்குத்தான் இளகும். தேங்காயெண்ணெயில் கொஞ்சம் அப்பச்சோடாவைக் குழைத்துப் பூசி, கால் மணித்தியாலம் விட்டு, பழந்துணியால் உரைஞ்சினால் பிசின் உருண்டு உருண்டு வரும். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவலாம். மண்ணெண்ணெயும் எடுக்கும். ஆனால் சாப்பாட்டுப் போத்தலுக்கு நான் அதைப் பாவிப்பதில்லை. மணம் இலேசில் போகாது, அடுப்படியில் வைத்துச் செய்வதும் ஆபத்து. நகப்பூச்சு அகற்றுகிற திரவம் கண்ணாடிக்குச் சரி. பிளாஸ்டிக்கிலோ வார்னிஷ் அடித்த அலுமாரியிலோ பட்டால் மேற்பரப்பையே தின்றுவிடும். புதுச் சில்வர் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டுக்கு இந்தப் பாடெல்லாம் தேவையில்லை. உள்ளே சுடுதண்ணீர் ஊற்றி வைத்தால் சூட்டில் இளகி முழுதாக உரிந்து வரும்.

யன்னல் கண்ணாடி வேறு கதை. குண்டு விழுந்தால் கண்ணாடி சிதறித் தெறிக்கக் கூடாதென்று எங்கள் வீட்டில் குறுக்கும் மறுக்குமாக ரேப் ஒட்டியிருந்தோம். 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோதும் அது அப்படியே இருந்தது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது இரண்டு கண்ணாடிகள்தான் மிச்சம். வெயிலில் காய்ந்து மஞ்சளாகிய பசை கண்ணாடியோடு இறுகிப் போயிருந்தது. இப்படி இறுகியதற்கு எண்ணெய் மட்டும் காணாது. சவர்க்கார நீரால் நன்றாக நனைத்து, புது பிளேட் ஒன்றைச் சரித்துப் பிடித்து, ஒரு பக்கமாகவே தள்ளிச் சுரண்ட வேண்டும். காய்ந்தபடி சுரண்டினால் கீறு விழும். ஒரு கண்ணாடியைச் சுரண்டி முடித்தேன். மற்றதில் அம்மா கைவைக்க விடவில்லை. "அது கிடக்கட்டும். ஒட்டுறதுக்குத் திரும்ப ரேப்புக்கு எங்க போறது?" என்றா.

இவ்வளவும் கண்ணாடிக்கு. படத்துக்கு இந்த வைத்தியம் ஒன்றும் ஆகாது.

பக்கத்து வளவு மாமியின் மகன் 2009இல் காணாமற் போனவன். அவனுடைய படம் ஒன்றுதான் அவவிடம் மிஞ்சியது. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் கிழிந்த இடத்தில் செலோரேப் ஒட்டியிருந்தா. கன்னத்துக்குக் குறுக்கே அது மஞ்சளாகிவிட்டது. போதாததற்கு ஈரம் பட்டு, ஒரு மூலை பிரேம் கண்ணாடியோடு ஒட்டிப் போய்விட்டது.

"பிள்ளை, நீ போத்தலுக்குச் செய்யிற மாதிரி இதையும் எடுத்துத் தா."

"மாமி, இதில எண்ணெய் படக்கூடாது. இழுத்தா முகமும் சேர்ந்து வந்திடும்."

"அப்ப மஞ்சளாவே இருக்கட்டும் எண்டுறியோ?"

அதற்கு உடனே மறுமொழி சொல்ல எனக்கு வரவில்லை. எண்ணெய் கடதாசியில் ஊறினால் கறை பிறகு போகவே போகாது. ரேப்பை உரித்தால் படத்தின் நிறப்படலமும் அதனோடு வரும். ஆகவே எதையும் பிரிக்காமல், கண்ணாடியோடு சேர்த்து அப்படியே ஸ்ரூடியோவுக்குக் கொண்டு போனோம். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் உலர்ந்த துணியால் துடைத்து, வெளிச்சம் பட்டுத் தெறிக்காதபடி வைத்துப் படமெடுத்தார்கள். அங்கிருந்த பொடியன் கணினியில் மஞ்சளை எடுத்துத் தந்தான். மாமி அதை வெகு நேரம் பார்த்துவிட்டு, "கன்னத்தில ஒரு தழும்பு இருந்தது, அதையும் எடுத்துப்போட்டாய் தம்பி" என்றா. அவன் திரும்பவும் இருந்து தழும்பைக் கொண்டு வந்தான். திருத்தாத பிரதியையும் கேட்டு வாங்கினோம். விசாரணைக்குக் கொடுப்பதற்கு அதுதான் வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017இல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டங்கள் தொடங்கியபோது, மழைக்கும் வெயிலுக்கும் பயந்து பலர் கையிலிருந்த ஒரே படத்தை லமினேற் பண்ணிக்கொண்டு போனார்கள். லமினேற் பண்ணுவதும் சூட்டில் பசையை உருக்கி ஒட்டுவதுதான். பிறகு பிரிக்க முடியாது. பிரதியை லமினேற் பண்ணுங்கள். மூலப் படத்துக்குப் புதிதாக ரேப் ஒட்டாமல், இரண்டு வெள்ளைக் கடதாசிக்கு நடுவே வைத்து, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள்.

மாமியின் படம் இப்போது கண்ணாடியோடு ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் இருக்கிறது. போகிற இடமெல்லாம் தழும்பு உள்ள பிரதிதான் அவவோடு போகிறது.