மரக்கலமும் குதிரையும்

பெயர்கள் இருவகையின. பெற்றோர் விரும்பிச் சூட்டுவது ஒன்று. செய்யும் தொழிலைக் கண்டு ஊரார் அழைத்து, நாளடைவில் குடும்பத்தோடு ஒட்டிக்கொள்வது மற்றொன்று. முன்னதில் பெற்றோரின் ஆசை தெரியும். பின்னதில் பாட்டனாரின் உழைப்புத் தெரியும்.

இஃது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கமே. ஆங்கிலேயரிடையே மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர் ஸ்மித். அதன் பொருள் கொல்லன் என்பதாகும். ஜெர்மானியரின் ஷ்மித்தும் அரபு நாடுகளின் ஹத்தாதும் அதே கொல்லன்தான். ஊரில் உழவர் பலர். உழவன் என்று அழைத்தால் எவன் என்று விளங்காது. கொல்லுலையோ ஊருக்கு ஒன்று. ஆதலின் அப்பெயர் ஆளைச் சுட்டப் போதுமானதாயிற்று. அவன் மக்களுக்கும் அதுவே நின்றது.

தமிழ் முஸ்லிம்களாகிய நம்மிடம் அவ்வாறு நின்ற பெயர்களுள் தலையாயது மரைக்காயர் என்பது. மரக்கலராயர் என்னும் தமிழ்ப் பெயரே இவ்வாறு மருவியது என்பர் ஒரு சாரார். கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்னும் அரபுச் சொல்லே இதற்கு அடி என்பர் மற்றொரு சாரார். எவ்வழியில் வந்தாலும் சேரும் துறை ஒன்றே: மரக்கலம் உடையோர், மரக்கலத்தால் வாழ்வோர் என்பதே பொருள். அவர்களோடு கரையேறிய சொற்கள் இன்றும் நம் நாவில் உள்ளன. மாலுமி என்பது 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது. சுக்கானும் அரபுதான். கப்பல் தலைவனைக் குறிக்கும் நகுதா, பாரசீகத்திலிருந்து வந்து சில குடும்பங்களின் பெயரோடும் சேர்ந்துகொண்டது.

இப்பெயர் சென்ற தொலைவு பெரிது. மலையாளக் கரையில் அது மரக்கார் ஆயிற்று. சாமூதிரி மன்னரின் கடற்படையை நடத்திப் போர்த்துக்கீசியரை எதிர்த்த குஞ்ஞாலி மரக்கார்கள் அப்பெயரினரே. அவர்களுள் நான்காமவர் 1600-இல் கோவாவில் கொல்லப்பட்டார். நானூறாண்டு கழித்து, 2000-இல், இந்திய அஞ்சல்துறை அவர் வீரத்துக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. கீழக்கரையில் கப்பல் வணிகராய் விளங்கி, இறந்த பின்னும் கொடுத்தவர் எனப் பழமொழியில் நிலைத்த வள்ளல் சீதக்காதியும் மரைக்காயரே. பினாங்கில் அப்பெயர் மெரிக்கான் எனத் திரிந்து, இன்று மலாய் மொழி பேசும் குடும்பங்களிலும் வழங்குகிறது. இலங்கையில் மரிக்கார் எனக் குடும்பப் பெயராய் நின்றதோடு, கிழக்குக் கரையூர்களில் குடிதோறும் ஒருவராய்ப் பள்ளிவாசலை நிருவகிக்கும் பொறுப்பாளரின் பதவிப் பெயராகவும் ஆயிற்று.

இனி, உள்நாட்டு ஊர்களில் பெருவழக்காய் உள்ள இராவுத்தர் என்னும் பெயரைப் பார்ப்போம். இராவுத்தன் என்றால் குதிரை வீரன். அருணகிரிநாதர் தம் முருகனையே இராவுத்தன் என்று விளித்திருக்கிறார் எனின், அச்சொல்லுக்குத் தமிழ் மண்ணில் இருந்த பெருமை விளங்கும். குதிரை ஏறியோரும், குதிரையைப் பழக்கி விற்றோரும் அப்பெயர் பெற்றனர்.

அக்குதிரைகள் எங்கிருந்து வந்தன? தமிழகத்தின் வெப்பமும் தீவனமும் நல்ல குதிரை இனத்துக்கு ஏற்றவையல்ல. ஆதலின் அவை கடல் கடந்தே வந்தாக வேண்டும். ஹுர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரை ஏற்றிய கப்பல்கள் காயலுக்கு வந்ததை மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் குறித்துள்ளார். 'மஃபர்' எனப்பட்ட நம் கரைக்கும் பிற துறைகளுக்குமாக ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் சென்றன என்றும், ஒன்றின் விலை 220 தீனார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதினார்.

இங்கே வாசகர்கள் சற்று நின்று எண்ண வேண்டும். குதிரை கப்பலில் வந்தது. கப்பல் இன்றேல் இராவுத்தருக்குக் குதிரை இல்லை. குதிரையை வேண்டுவோர் இன்றேல் மரைக்காயர் கப்பலுக்கு அவ்வளவு விலையுயர்ந்த சரக்கு இல்லை. துறையில் ஒருவர் கை இறக்கிவிட்ட குதிரையின் கடிவாளத்தை மற்றொருவர் கை பற்றியது. இரண்டு பெயர்களும் ஒரே வாணிபத்தின் இரண்டு முனைகள்.

பின்னர் நீராவிக் கப்பல் வந்து பாய்மரத்தை ஒதுக்கியது. கப்பல் உடையவர்கள் பிறர் கப்பலில் சீட்டு வாங்கிப் போகும் பயணிகள் ஆயினர். 1985-இல் 'சிதம்பரம்' கப்பல் தீப்பற்றிய பின்னர், சென்னையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் செல்லும் அந்தப் பயணமும் நின்றது. குதிரைப் படைகளோ அதற்கு நெடுங்காலம் முன்னரே கலைந்துவிட்டன. தொழில் போயிற்று, பெயர் மட்டும் தங்கிற்று. தங்கிய பெயரும் இப்போது தேய்கிறது. நம் பாட்டனார் கையொப்பமிட்டால் இயற்பெயரைவிட மரைக்காயர் என்னும் சொல்லே நீண்டு தோன்றும். வாப்பா அவர்கள் அதனை ஓரெழுத்தாகச் சுருக்கினார்கள். நம் பேரனின் கடவுச்சீட்டில் அந்த ஓரெழுத்தும் இல்லை.

அதற்காக நாம் வருந்தவில்லை. வருத்தம் வேறொன்றில் உள்ளது. கையொப்பத்திலிருந்து மறைந்த பெயர், கலியாணப் பேச்சில் மட்டும் உயிரோடு எழுந்து உட்காருகிறதே, அதிலே உள்ளது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் உறவினர் ஒருவர் தம் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தார். பையன் பொறியாளர், தொழுகையாளி, கைக்கூலி வேண்டாம் என்று வாயால் சொன்ன குடும்பம். எல்லாம் பொருந்தி, பரிசம் போடும் நாள் குறிக்கும் வேளையில் பெரியவர் ஒருவர், "அவுக ராவுத்தர்மாராச்சே!" என்றார். அந்த ஒரு சொல்லில் பேச்சு நின்றது. பெண்ணின் தகப்பனார் துபாயில் கணக்கர். அவர் கப்பல் ஓட்டியதில்லை. மாப்பிள்ளை வீட்டார் குதிரை ஏறியதுமில்லை. பெண்ணின் விருப்பம் யாது என்று எவரும் கேட்கவில்லை.

"ஏன் காக்கா, மார்க்கத்தில் இதற்குத் தடை உண்டா?" என்று நாம் வினவினோம். "தடை இல்லை தம்பி. ஆனால் அவர்கள் ஹனபி, நாம் ஷாபியீ. வழக்கம் வேறல்லவா?" என்றார்.

அந்த இரு மத்ஹபுகளின் வரலாற்றையே திறந்து பார்ப்போம். ஹனபி மத்ஹபின் பேரறிஞர்களுள் ஒருவர் இமாம் கஸ்ஸாஃப்; அப்பெயருக்குச் செருப்புத் தைப்பவர் என்பது பொருள். அத்தொழிலாலேயே அவர் உண்டு வாழ்ந்தார் என்பர். ஷாபியீ மத்ஹபின் பேரறிஞர் இமாம் கஃப்பால்; அப்பெயருக்குப் பூட்டுச் செய்பவர் என்பது பொருள். வளர்ந்து ஆளான பின்னரே கல்வியில் இறங்கி இமாம் ஆனார். இவர்கள் தங்கள் தொழிற்பெயரை மறைக்கவில்லை. அதைக் காட்டி எவரையும் தாழ்த்தவுமில்லை. செருப்புத் தைத்தவரும் பூட்டுச் செய்தவரும் நமக்கு இமாம்களாக இருக்கலாம். குதிரை வளர்த்தவரின் கொள்ளுப்பேரன் மட்டும் மருமகனாக ஆகக்கூடாதோ?

அந்தப் பேச்சு நின்றது நின்றதுதான். எனினும் இனி வரும் பேச்சுகள் நம் கையில் உள்ளன. மரைக்காயர், இராவுத்தர் என்னும் பெயர்களைக் கைவிடுங்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். அவற்றை மறந்தால் நம் முன்னோர் அலையிலும் வெயிலிலும் பட்ட பாட்டை மறந்தவர்களாவோம். வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்: எந்தத் துறையிலிருந்து எந்தச் சரக்கு ஏற்றினார்கள், எந்தச் சந்தையில் எதை விற்றார்கள் என்று. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுங்கள். ஆனால், பெண் கேட்டு வருவோரிடம் அவர்தம் பாட்டனார் செய்த தொழிலைக் கேட்பதை விட்டு, பையனின் குணத்தைக் கேளுங்கள். அதற்கும் முன்னதாகப் பெண்ணின் சம்மதத்தைக் கேளுங்கள்.