மூடப்படாத கணக்கு

செஞ்சிக் கோட்டையின் நிழலில் வாழும் எங்களைப் போன்றோருக்குத் தேசிங்குராசன் கதை புதிதன்று. அவன் ஏறிய குதிரையையும், உயிர் நண்பனின் தோழமையையும், 22 வயதில் அவன் களத்தில் வீழ்ந்ததையும் கேட்டே எங்கள் பிள்ளைகள் வளர்கிறார்கள். ஆயினும் 1714ஆம் ஆண்டில் நிகழ்ந்த அப்போருக்கு வித்திட்டது ஒரு பழைய நிலுவை என்பதை நாங்கள் நெடுங்காலம் எண்ணிப் பார்த்ததில்லை. தந்தை சொரூப்சிங் செலுத்தாது விட்டுச் சென்ற கப்பத்தை ஆர்க்காட்டு நவாபு சாததுல்லாகான் மகனிடம் கேட்டார். கணக்கு தந்தையுடையது, அதன் முன் நின்றவனோ மகன். எங்கள் வீட்டு வாசலிலும் ஒரு பழைய நிலுவை வந்து நின்றபோதுதான் அக்கதையின் இந்தப் பகுதி எங்களுக்கு விளங்கிற்று.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். எங்கள் மூத்த மகளுக்குச் செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. சிறு வயது முதலே அவள் விரும்பிய படிப்பு அது. முதலாண்டுக் கட்டணத்துக்குக் கல்விக் கடன் கேட்டு வங்கியில் விண்ணப்பித்தோம். கல்விக் கடனில் மாணவருடன் பெற்றோரும் கூட்டுக் கடனாளியாகக் கையொப்பமிடுவது வழக்கம். ஆகவே பெற்றோரின் பழைய கணக்குகளையும் வங்கி பார்க்கிறது. மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். “ஐயா, உங்கள் பெயரில் பழைய கடன் ஒன்று வாராக் கடனாக எழுதப்பட்டிருக்கிறது. அது தீராமல் நான் மேலிடத்துக்கு அனுப்ப இயலாது” என்றார்.

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாரிடமும் கைநீட்டிக் கடன் வாங்கி ஏமாற்றிய குடும்பமன்று எங்களுடையது. விசாரித்தபின் உண்மை தெரிந்தது. சென்னையில் ஒரு தொழிற்கூடத்தில் வேலை பார்த்த நாட்களில், சம்பளக் கணக்குடன் ஒரு கடன் அட்டையையும் வங்கி கொடுத்திருந்தது. 2015ஆம் ஆண்டில் வேலையை விட்டு, செஞ்சிக்குத் திரும்பி, நிலத்தைக் கவனிக்கத் தொடங்கினோம். கணக்கிலிருந்த பணத்தை எடுத்துவிட்டோம். அட்டையைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிக் குப்பையில் எறிந்தோம். அத்துடன் எல்லாம் முடிந்தது என்றே நம்பினோம்.

முடியவில்லை. வெட்டப்பட்டது அட்டைதானே தவிரக் கணக்கன்று. மறு ஆண்டு, அட்டைக்குரிய ஆண்டுக் கட்டணம் ஐந்நூறு சொச்சம் ஏறியது. அதைச் செலுத்தாததால் தாமதக் கட்டணம், அதன்மேல் வட்டி, மீண்டும் தாமதக் கட்டணம் என்று வளர்ந்தது. கடிதங்களெல்லாம் நாங்கள் காலி செய்து வந்த சென்னை வாடகை வீட்டுக்குப் போயின. தொலைபேசி எண்ணையும் மாற்றியிருந்தோம். கடைசியில் 7,340 ரூபாய் என்ற நிலையில் வங்கி அதை வாராக் கடனாக எழுதிவைத்தது. எண்ணூறு மூட்டை நெல் விற்றவர்களல்லர் நாங்கள். ஆயினும் அந்தத் தொகை எங்களால் கட்ட முடியாததன்று. ஒருவரும் கேட்காததால் கட்டவில்லை; நாங்களும் கேட்காததால் அறியவில்லை.

இவ்விடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மேலாளர் சொன்னதை எங்களுள் ஒருவர் மற்றவரிடம் மூன்று நாள் மறைத்தோம். அவர் கணவரா மனைவியா என்பதை இங்கு எழுதவில்லை. இருவரும் சேர்ந்தே இதை எழுதுகிறோம். அந்த மூன்று நாட்களும் வீட்டில் செபமாலை வழக்கம்போல் நடந்தது. சோறு வழக்கம்போல் இறங்கவில்லை. நான்காம் நாள் விவரம் வெளிவந்தபோது மகள் அழுவாள் என்று அஞ்சினோம். அவளோ, “கடன் இருந்தது எனக்கு வருத்தமில்லை அப்பா, நீங்களும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்ததுதான் வருத்தம்” என்றாள். நாணத்தால் வாய் மூடியிருந்தது, கடனைவிடப் பெரிய தவறு என்று அன்று உணர்ந்தோம்.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும், எங்கள் பங்கிலுள்ள ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவரை ஆலய முற்றத்திலேயே நிறுத்தி, “அண்ணே, எங்களுக்கு வழி சொல்லுங்கள்” என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, “தம்பி, முதலில் உங்கள் அறிக்கையை நீங்களே வாங்கிப் படியுங்கள். பிறர் சொல்லிக் கேட்டால் பயம் இரட்டிப்பாகும்” என்றார்.

அவர் வழியாக அறிந்ததை வாசகக் குடும்பங்களுக்கும் சொல்லுகிறோம். நாம் வாங்கும் கடன்களையும், அவற்றைத் திருப்பிச் செலுத்தும் முறையையும் வங்கிகள் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கின்றன. ‘சிபில்’ என்று ஊரார் சொல்லுவது அவற்றுள் ஒன்றின் பெயர். நம் நாட்டில் இத்தகைய நிறுவனங்கள் நான்கு உள்ளன. 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்கீழ் அவை இயங்குகின்றன. 300 முதல் 900 வரை மதிப்பெண் இடுகின்றன. சேமிப்புக் கணக்கு பொதுவாக அவ்வறிக்கையில் இடம்பெறுவதில்லை. கடனும், கடன் அட்டையும், கணக்கோடு இணைந்த மிகைப்பற்றுமே இடம்பெறும். ஆண்டுக்கொரு முறை ஒவ்வொரு நிறுவனமும் முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது 2017 முதல் உள்ள விதி.

அறிக்கையை வாங்கிப் பார்த்தோம். அட்டைக் கடனோடு மற்றுமொரு குறையும் இருந்தது. 2019ஆம் ஆண்டில் ஒரு வங்கியில் வளையலை வைத்து வாங்கிய நகைக்கடனை 2021ஆம் ஆண்டிலேயே அடைத்து, நகையையும் மீட்டிருந்தோம். அதுவோ இன்னும் அடைபடாததுபோல் காட்டப்பட்டிருந்தது! பரண்மேல் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்து, திருமணப் பத்திரிகைகளுக்கும் ஞானஸ்நானச் சான்றுகளுக்கும் இடையே தேடினோம். நகைக்கடன் அடைத்த இரசீது மஞ்சள் பூத்துக் கிடைத்தது. அதன் நகலை இணைத்து முறையிட்டோம். மூன்று வாரங்களில் அப்பிழை திருத்தப்பட்டது. இப்படிப்பட்ட முறையீடு 30 நாட்களுக்குள் தீராவிடில், அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று 2024 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி விதித்துள்ளது.

அட்டைக் கடனுக்கோ எங்களிடம் காகிதம் ஏதுமில்லை. மூடச் சொல்லி ஒரு வரிகூட எழுதிக் கொடுத்தோமில்லை. வசூல் முகவர் ஒருவர் தொலைபேசியில், “பாதித் தொகை கட்டுங்கள், முடித்துவிடலாம்” என்றார். ஆசையாகத்தான் இருந்தது. நம் பங்கு அண்ணன் தடுத்தார். பாதி கட்டி முடித்தால் அறிக்கையில் ‘பேசித் தீர்க்கப்பட்டது’ என்று பதிவாகும். அடுத்த வங்கிக்கு அதுவும் ஒரு கரும்புள்ளியே என்றார். வாராக் கடன் என்று எழுதப்பட்டதால் கடன் மன்னிக்கப்பட்டதாகிவிடாது. வங்கி தன் ஏட்டில் செய்துகொண்ட ஒழுங்கு அது, அவ்வளவே என்றும் விளக்கினார். ஆகவே முகவரின் கையில் கொடுக்காமல், வங்கியிலேயே 7,340 ரூபாயையும் செலுத்தி, நிலுவை இல்லை என்ற சான்றினை முத்திரையுடன் வாங்கினோம். அறிக்கையில் அக்கணக்கு முடிந்தது என்று மாறுவதற்கு ஏறத்தாழ நாற்பது நாட்களாயின.

கல்லூரி நாற்பது நாள் காத்திருக்குமா? அதே வளையல்கள் மீண்டும் அடகுக்குச் சென்றன. இம்முறை கூட்டுறவுச் சங்கத்துக்கு. முதல் தவணைக் கட்டணம் அவற்றால் கட்டப்பட்டது. கல்விக் கடன் அக்டோபரில் கிடைத்தது. வளையல்களை மறு ஆண்டு அறுவடைக்குப் பின்னரே மீட்டோம். ஒரு கடிதம் எழுதாத சோம்பலுக்கு நாங்கள் கொடுத்த விலை அது.

அந்நாட்களில் தோபித்து ஆகமத்தை மீண்டும் படித்தோம். முதியவர் தோபித்து தம் இறுதி நெருங்கியதாக எண்ணியபோது, இருபது ஆண்டுகளுக்கு முன் மேதியா நாட்டில் கபேல் என்பவரிடம் ஒப்படைத்திருந்த வெள்ளியைப் பற்றி மகனிடம் கூறுகிறார். மகன் கேட்ட கேள்வி நியாயமானது: அம்மனிதர் என்னை அறியாரே, எந்த அடையாளத்தைக் காட்டிக் கேட்பேன்? அதற்கும் தந்தையிடம் விடை இருந்தது. இருவரும் கையெழுத்திட்ட பத்திரம் இரண்டாகப் பகுக்கப்பட்டு, ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். வானதூதர் துணைக்கு வந்த பயணத்திலும் பத்திரம் தேவைப்பட்டது! இறைப்பற்றுள்ளவனுக்குக் காகிதம் எதற்கு என்று எண்ணியிருந்த எங்களுக்கு, அது நல்ல பாடமாயிற்று. தந்தை தம் கணக்கை மகனுக்குச் சொன்னார் என்பது இரண்டாம் பாடம்.

ஆகவே எங்கள் வீட்டில் இப்பொழுது சில வழக்கங்களை ஏற்படுத்தியிருக்கிறோம். பயன்படுத்தாத கணக்கு எதுவாயினும், நேரில் சென்று எழுத்து மூலம் மூடச் சொல்லி, மூடியதற்குச் சான்று வாங்குகிறோம். கடன் அட்டையானால், நிலுவை இல்லாதபோது கேட்ட ஏழு வேலை நாட்களுக்குள் வங்கி அதை மூடவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தரவேண்டும் என்பது 2022 சூலை முதல் உள்ள விதி. சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடித்து, அதனாலேயே இருப்பைப் பூச்சியத்துக்குக் கீழே கொண்டுசெல்லக் கூடாது என்பது 2015 ஏப்ரல் முதலே நடைமுறை. அப்படி யாரேனும் கேட்டால் அஞ்சாமல் எழுதிக் கேளுங்கள். வங்கி 30 நாட்களில் பதில் தராவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வீடு மாறினால், உறவினருக்குச் சொல்லுமுன் வங்கிக்குச் சொல்லுங்கள்.

ஆண்டு முடிவில் ஒரு மாலை, இரும்புப் பெட்டியை நடுக்கூடத்தில் இறக்கி, கணக்குகளையெல்லாம் பிள்ளைகள் முன்னிலையில் படிக்கிறோம். எங்கே என்ன இருக்கிறது, எவருக்கு என்ன தரவேண்டும் என்பதை அவர்களும் அறிகிறார்கள். சென்ற முறை விடுமுறைக்கு வந்திருந்த மகளே உரக்கப் படித்தாள். கடைசித் தாளை மடித்து வைத்துவிட்டு, “நாளைக்கு என் வாசலில் எதுவும் வந்து நிற்காது, இல்லையா அம்மா?” என்று கேட்டாள். நிற்காது என்று சொல்ல எங்களால் முடிந்தது. தேசிங்குராசனுக்கு அப்படிச் சொல்ல அவன் வீட்டில் ஒருவரும் இருந்ததில்லை.